119 ரூபாய்ப் படமும் பாயின் நோட்டும்

போன சனிக்கிழமை ராத்திரி, சாப்பாடு முடிந்த கையோடு எங்கள் வீட்டில் 119 ரூபாய்க்கு ஒரு பஞ்சாயத்து நடந்தது. ரிமோட் மகள் கையில். திரையில் ஒரு நாய், சிவப்புத் தொப்பி போட்ட ஒரு அப்பா, பின்னால் கொட்டுகிற பனி. அதற்குக் கீழே ஒரு பொத்தான்: வாடகைக்கு 119 ரூபாய்.

“ஏங்க, மாசாமாசம் மூணு ஓடிடிக்குக் கட்டிட்டு இருக்கோம். அதுக்கு மேல ஒத்தப் படத்துக்குத் தனியாக் காசா?” என்றாள் மனைவி.

“நாலு பேரு தியேட்டருக்குப் போனா டிக்கெட்டே 760 ஆகும்மா. பாப்கார்ன், பார்க்கிங் எல்லாம் தனி. இது வெறும் 119.” மகள் பி.காம். இரண்டாம் வருடம். கணக்கில் அவளை மடக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

“இந்தப் படத்துக்கு நாம தியேட்டருக்குப் போயிருப்பமாடி? போகாத ஊருக்கு பஸ் காசு மிச்சம்னு சொல்ற மாதிரி இருக்கு.”

மூலையில் திவானில் சாய்ந்திருந்த அம்மா கேட்டார். “என்ன படம்யா அது?”

“சும்மா சிரிப்புப் படம்மா.”

“நல்லா இருக்குமா?”

“லைட்டா இருக்கும் அப்பத்தா” என்றாள் மகள்.

“லைட்டா இருக்கறதுக்கு எதுக்குக் காசு?”

யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நியாயமாக நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். ஏனென்றால் என் வாழ்க்கையின் முதல் சம்பளம் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருந்துதான் வந்தது.

1994-ல் பிளஸ் டூ முடித்துவிட்டு, மார்க்கைப் பார்த்துவிட்டு, வீட்டில் யார் முகத்திலும் முழிக்க முடியாமல் திண்டுக்கல்லில் ஒரு வீடியோ லைப்ரரியில் போய்ச் சேர்ந்தேன். சம்பளம் 300 ரூபாய். படம் இலவசம். 1996 வரைக்கும் அங்கேதான். கடை என்றால் ஒரு கட்டில் போட்டால் நடக்க இடமிருக்காது, அவ்வளவுதான் அகலம். மூன்று பக்கச் சுவரிலும் தரையிலிருந்து கூரை வரை கேசட். ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கர் பேனாவில் நம்பர். நாங்கள் படத்தைப் பேர் சொல்லிக் கேட்க மாட்டோம். “412 உள்ள இருக்கா?” என்றுதான் கேட்போம். இன்றைக்கும் சில படங்களை டிவியில் பார்த்தால் எனக்குப் பேருக்கு முன்னால் நம்பர்தான் ஞாபகம் வரும்.

முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். மெம்பராக 200 ரூபாய் டெபாசிட். ஒரு நாளைக்கு ஒரு கேசட்டுக்குப் பத்து ரூபாய். டிவியும், கேசட்டை ஓட்டுகிற டெக்கும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு 150 ரூபாய். அதற்குள் மூன்று படம் அடக்கம். டிவியை டிரைசைக்கிளில் ஏற்றி, கீழே பழைய மெத்தை போட்டு, ஒரு கையால் பிடித்துக்கொண்டே கூட நடந்து போவது என் வேலை.

அந்தக் காலத்து வீடியோ லைப்ரரி வியாபாரம் முழுக்க நேர்வழியில் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரிஜினல் கேசட்டும் இருக்கும், வேறு மாதிரிக் கேசட்டும் இருக்கும், கேமரா பிரிண்ட் என்று ஒன்று இருக்கும், அதில் படத்துக்கு நடுவே யாராவது எழுந்து மிக்சர் வாங்கப் போவார். 2004-ல் தமிழ்நாட்டில் திருட்டு வீடியோவைக் குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்தபோது பாயின் கடை கடையாகவே இல்லை. அங்கே செல்போன் ரீசார்ஜ் நடந்துகொண்டிருந்தது.

பாய் செய்த ஒரு காரியம்தான் நான் சொல்ல வந்தது.

மற்ற கடைகளில் எல்லாம் கேசட்டை ரீவைண்ட் பண்ணாமல், அதாவது டேப்பை ஆரம்பத்துக்குச் சுற்றிவைக்காமல், திருப்பிக் கொடுத்தால் ஒரு ரூபாய் அபராதம். பாய் கடையில் மட்டும் போர்டே வைத்திருந்தார்: ‘ரீவைண்ட் செய்ய வேண்டாம். நாங்களே செய்துகொள்வோம்.’ ஊரில் அதற்காகவே அவருக்கு நல்ல பேர். தங்கமான மனுஷன், நம்ம டெக் தேயக் கூடாதுன்னு பார்க்கிறார் என்பார்கள். கடையில் ரீவைண்ட் பண்ணுவதற்கென்றே தனி மெஷின் இருந்தது. ‘கிர்ர்’ என்று சத்தம் போட்டு, முடிந்ததும் ‘டக்’ என்று மூடி திறந்துகொள்ளும்.

சேர்ந்து இரண்டு வாரம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. கேசட் திரும்பி வந்ததும் பாய் அதை மெஷினில் போட மாட்டார். வெளிச்சத்தில் பிடித்து அந்தக் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்ப்பார். வி.எச்.எஸ். கேசட்டில் டேப் இடது பக்கச் சுருளிலிருந்து வலது பக்கத்துக்குப் போகும். இடது பக்கம் குண்டாக இருந்தால் படம் ஆரம்பத்திலேயே நிற்கிறது. வலது பக்கம் குண்டாக இருந்தால் முடிவு வரைக்கும் போயிருக்கிறது. பார்த்துவிட்டு லெட்ஜரில் அந்த மெம்பர் பேருக்கு நேராக ஒரு எழுத்துப் போடுவார். ‘கா’ என்றால் கால். ‘அ’ என்றால் அரை. ‘மு’ என்றால் முழுசு.

“தம்பி, படம் எப்படின்னு வாயால கேக்காத. எல்லாரும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. இதைப் பாரு” என்று கேசட்டைத் தட்டிக் காட்டினார்.

எங்கள் மெம்பர்களில் ஒரு தமிழாசிரியர் இருந்தார். விருது வாங்கிய படமாகத் தேடித் தேடி எடுப்பார். மறுநாள் வந்து, “என்ன ஒரு படைப்பு, என்ன ஒரு படைப்பு” என்பார். கேசட்டைப் பார்த்தால் ‘கா’. பாய் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது. “ஆமாங்க சார், அருமையான படம்” என்று வாங்கி வைப்பார். அதே ஆசிரியர் வீட்டுக்கு அவர் பையன் எடுத்துக்கொண்டு போகும் கவுண்டமணி படம் எல்லாம் ‘மு’. ஒருமுறை ‘மு’ போட்டு பக்கத்தில் இரண்டு கோடும் போட்டிருந்தார் பாய். இரண்டு தடவை ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தமாம். அது எப்படித் தெரியும் என்று கேட்டேன். “ஒரு நாள் வாடகைக்கு எடுத்துட்டு ரெண்டு நாள் வச்சிருந்தாங்கல்ல” என்றார்.

புதுக் கேசட் வாங்கும்போது இந்த லெட்ஜரைப் புரட்டித்தான் முடிவு பண்ணுவார். கனமான படம் ஒன்று, லேசான படம் நாலு என்பது அவர் கணக்கு. கனமான படத்தைக் கடையில் வைத்திருக்க வேண்டும், அது கடைக்கு மரியாதை. வாடகை மற்ற நாலிலிருந்துதான் வரும்.

இந்த மூன்று எழுத்தோடு நாலாவதாக ஒன்றும் உண்டு. ‘தூ’. முதலில் அதை ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்தேன். தூக்கம்.

அது எப்படி என்றால், மூன்று மணி நேரக் கேசட்டில் நம் படம் ஒன்று இரண்டரை மணி நேரம் ஓடும். மிச்சம் அரை மணி நேரம் வெறும் டேப். படம் பார்த்துக்கொண்டிருப்பவன் ‘வணக்கம்’ போட்டதும் எழுந்து நிறுத்திவிடுவான், கேசட் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும். யாரும் நிறுத்தவில்லை என்றால் டேப் கடைசி வரை ஓடி, டெக் தானாகவே முழுசும் ரீவைண்ட் பண்ணிவிடும். பெரும்பாலான டெக்குகளில் அந்த வசதி இருந்தது. ரீவைண்ட் பண்ண வேண்டாம் என்று போர்டு வைத்திருக்கிற கடைக்கு ஒரு கேசட் சுத்தமாக ரீவைண்ட் ஆகி வருகிறது என்றால்? அந்த வீட்டில் கிளைமாக்ஸ் ஓடும்போது எல்லாரும் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

‘தூ’ வாங்கிய படங்களில் முக்கால்வாசி சிரிப்புப் படங்கள்தான். நான் அதைத் தோல்விக் கணக்கு என்று நினைத்தேன். இனிமேல் அந்தப் படத்தை வாங்க மாட்டார், இல்லை ஓரமாக வைப்பார் என்று. அவர் அந்தப் படங்களைத்தான் கண்ணுக்கு நேரான தட்டில் அடுக்கினார். கேட்டதற்கு, “பத்து ரூபாய்க்கு ஒரு குடும்பமே நிம்மதியாத் தூங்குனா அது என்ன மோசமான வியாபாரமா?” என்றார். அப்போது எனக்குப் பதினெட்டு வயசு. தூக்கத்துக்குக் காசு கொடுப்பார்கள் என்பதே புரியாத வயசு.

கல்யாண வீட்டு ராத்திரிகள் வேறு மாதிரி. அங்கே கேசட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, நானே பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். மண்டப வாசலில் மேஜை போட்டு டிவி. முதல் படம் சாமி படம், அது சம்பிரதாயம். இரண்டாவது, பெரிய ஹீரோ படம். அப்போது கூட்டம் நெரியும். அது முடிய மணி ஒன்றரை ஆகும். மூன்றாவதுதான் சிரிப்புப் படம். அதற்குள் பாய் விரித்தவர்கள் எல்லாம் சாய்ந்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகள் ஒருத்தர் மேல் ஒருத்தர் கால் போட்டுக் கிடக்கும். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் நாற்காலியிலேயே வாய் பிளந்து தூங்குவார்.

ஒரு தடவை, யாரும்தான் பார்க்கவில்லையே, டேப்பைப் படிக்கிற டெக் தலையாவது கொஞ்சம் ஆறட்டும் என்று நான் படத்தை நிறுத்தினேன். மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு சத்தம். “ஏய், எவன்டா நிறுத்துனது?”

சமையல்காரர்கள். கொல்லைப்புறக் கதவைத் திறந்துவைத்து, அந்தப் பக்கத்திலிருந்து டிவி தெரிகிற மாதிரி வரிசையாகக் குந்தியிருந்தார்கள். காலைப் பந்திக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு குத்துச்சட்டி. கண்ணீர் ஓடுகிறது, சிரிப்பும் ஓடுகிறது. எது எதனால் என்று பிரிக்க முடியாது. படம் தெளிவாகத் தெரிகிற தூரமே இல்லை, வசனம் மட்டும்தான் கேட்டிருக்கும். நான் மறுபடி போட்டேன். அதற்கப்புறம் விடிய விடிய அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வரும், கொஞ்ச நேரம் கத்தி பலகையில் படுகிற சத்தம் வரும், மறுபடி ஒரு சிரிப்பு. நாலரை மணிக்கு முதல் காபி எனக்குத்தான் வந்தது. மாப்பிள்ளைக்கு முன்னால்.

அந்த வருடங்களிலேயே தொழில் இறங்கத் தொடங்கிவிட்டது. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது. கேபிள் இணைப்பு வீட்டுக்கு வீடு போனது. கேபிள்காரர்கள் தாங்களே ஒரு சானலில் ராத்திரிப் படம் போட ஆரம்பித்தார்கள். பத்து ரூபாய் கொடுத்து யார் வருவார்கள்? பாய் வி.சி.டி. வரைக்கும் தாக்குப்பிடித்தார் என்று கேள்வி. அதில் படம் இரண்டு மூன்று தட்டாக வரும், இரண்டாவது தட்டில் கீறல் இருந்தால் கதாநாயகிக்கு எப்போது கல்யாணம் ஆனது என்று தெரியாமலே மூன்றாவது தட்டு ஓடும். அதைப் பற்றிச் சொல்ல எனக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. அதில் ஜன்னலும் கிடையாது, சுருளும் கிடையாது.

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன். மனைவியின் கோபத்துக்கு ஒரு முன்கதை உண்டு.

இதற்கு முன்னால் ஒரு படத்தை இப்படித்தான் வாடகைக்கு எடுத்தோம். 149 ரூபாய். விதி என்னவென்றால், காசு கட்டியதிலிருந்து முப்பது நாளுக்குள் படத்தைத் தொடங்க வேண்டும். தொடங்கிவிட்டால் 48 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பெரும்பாலும் எல்லா ஆன்லைன் வாடகைக்கும் இதே கணக்குதான். வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கினோம். முக்கால் மணி நேரத்தில் மின்சாரம் போனது. சனிக்கிழமை மச்சினர் குடும்பம் வந்துவிட்டது. ஞாயிறு மத்தியானம் ஒரு வளைகாப்பு. ராத்திரி எல்லாரையும் உட்கார வைத்து, நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கி, கதாநாயகன் ஏர்போர்ட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது மணி பத்தைத் தாண்டியது. நடுவில் மகள் தண்ணீர் குடிக்க எழுந்துபோய் நிறுத்திவிட்டு வந்தாள். மறுபடி அமுக்கினால், ‘வாடகைக் காலம் முடிந்தது’. கடைசி இருபது நிமிஷத்துக்காக இன்னொரு 149 கட்டு என்றது. கட்டவில்லை. அவன் அவளைப் பிடித்திருப்பான், இதற்கெல்லாம் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

பாய் என்றால், “பரவால்ல தம்பி, காலைல குடுங்க” என்று சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு ஐந்து ரூபாய் கூட வாங்கியிருப்பார் என்பது வேறு விஷயம்.

இரண்டு மாதம் கழித்து அதே படம் நாங்கள் ஏற்கெனவே சந்தா கட்டிக்கொண்டிருக்கும் ஓடிடியிலேயே சும்மா வந்தது. மனைவி அதை ஓட்டி, நேராகக் கடைசி இருபது நிமிஷத்துக்குப் போய், பார்த்து முடித்து, என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில் 149 ரூபாயும் இருந்தது.

அதற்கப்புறம் நான் யோசித்தேன். எந்தச் சிரிப்புப் படத்துக்குக் காசு கொடுக்கலாம், எதற்குக் கூடாது?

தமிழ்ப் படத்துக்கு இந்தக் கேள்வியே பெரிதாக எழுவதில்லை. பெரும்பாலான படங்கள் தியேட்டருக்கு வந்து சில வாரங்களிலேயே ஏதாவது ஒரு ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. பழைய படங்களில் பாதி யூடியூபில் முழுசாகவே கிடக்கிறது. சிரிப்பு மட்டும் வேண்டுமென்றால் அதற்கென்றே ஆதித்யா, சிரிப்பொலி என்று டிவி சானல்கள் இருக்கின்றன. ராத்திரி பகல் பார்க்காமல் போடுகிறார்கள்.

இங்கேதான் கேசட் எனக்கு ஒன்று சொல்லிக்கொடுத்தது. நல்லா ஓடின கேசட்டைப் போட்டுப் பார்த்தால், சில இடங்களில் மட்டும் திரையில் வெள்ளைக் கோடு ஓடும். டேப் அந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது. டெக்குக்குள் தலை இருக்கிற உருளை நிமிஷத்துக்கு 1500 தடவை சுற்றுகிறது. படத்தை நிறுத்திவைத்தால் டேப்பின் ஒரே இடத்தில் அது உரசிக்கொண்டே இருக்கும். திருப்பித் திருப்பிப் போட்டாலும் அங்கேதான் தேயும். ஆகவே கோடு எங்கே விழுகிறதோ அங்கேதான் ஜனங்கள் படத்தைப் பார்த்திருக்கிறார்கள். குடும்பக் கதைப் படங்களில் அழுகைக் காட்சி எல்லாம் கண்ணாடி மாதிரிப் பளிச்சென்று இருக்கும். கவுண்டமணி, செந்தில் வந்தால் மழை பெய்யும்.

கரகாட்டக்காரன் 1989-ல் வந்தது. எங்கள் கடையில் அதற்கு மூன்று காப்பி. மூன்றிலும் அந்த வாழைப்பழம் வாங்கிய இடத்தில் முகமே தெரியாது, குரல் மட்டும்தான். அந்தக் காட்சியைத் தனியாக வெட்டி எடுத்தாலும் அது முழுசு. முன்னால் என்ன நடந்தது என்று தெரியாத பிள்ளைகூடச் சிரிக்கும். அதற்கு அடுத்த வருடம் வந்த மைக்கேல் மதன காமராஜன் கேசட்டில் கோடு ஒரே இடத்தில் இருக்காது, படம் முழுக்கப் பரவிக் கிடக்கும். நாலு கமல். யார் யாரென்று தெரிந்துகொண்டே வந்தால்தான் கடைசியில் ஆளை மாற்றி ஆள் வரும்போது சிரிப்பு வரும். கிரேசி மோகன் வசனத்தைத் துண்டாகக் கேட்டாலும் சிரிக்கலாம், ஆனால் முக்கால் பங்கு சிரிப்பு அதற்கு முன்னால் நடந்ததில் மாட்டிக்கொண்டிருக்கும்.

வெட்டி எடுக்க முடிகிற சிரிப்புக்கு நான் காசு கொடுப்பதில்லை என்று முடிவு பண்ணினேன். அது இரண்டு நாளில் வாட்ஸப்பில் தானாக வந்து கதவைத் தட்டும், சித்தப்பாவே அனுப்புவார். டிரெய்லரிலேயே எல்லாச் சிரிப்பும் வந்துவிட்டது என்று தெரிந்தால், அதுதான் படம், டிரெய்லர் பார்த்தாயிற்று, பணம் மிச்சம். வெட்ட முடியாதது என்று சந்தேகமாவது இருந்தால் 119 கொடுக்கலாம். அதுவும் வீட்டில் நாலு பேரும் இரண்டரை மணி நேரம் சேர்ந்து உட்காரப்போகிற நாளாக இருந்தால். வளைகாப்பு இல்லாத வாரமாக இருந்தால்.

இந்த விதியை நான் மகளிடம் சொன்னபோது, “சூப்பர் பா. அப்ப இந்த நாய்ப் படத்துக்கு?” என்றாள்.

நாய்ப் படம் விதிக்குள் வரவே இல்லை. ஒரு நாய், மனைவியைப் பிரிந்த ஒரு அப்பா, எப்போதும் வேலை வேலை என்று அலைகிறவர், ஒரு கிறிஸ்துமஸ். டிரெய்லரிலேயே நாய் கேக்கில் விழுகிறது. இதற்கு மேல் அதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? என் விதிப்படி அதற்கு ஒரு பைசா கொடுக்கக் கூடாது. வாயைத் திறக்கப் போனேன்.

“தமிழ்ல பேசுவாங்களா அதுல?” என்றார் அம்மா.

தமிழ் டப்பிங் இருந்தது. மகள் டிரெய்லரைத் தமிழில் போட்டுக் காட்டினாள். சிவப்புத் தொப்பி வெள்ளைக்காரர் பனியில் வழுக்கி விழுந்து, “ஐயையோ, என் இடுப்பு போச்சே!” என்றார். அம்மா சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்குகிற சிரிப்பு.

அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்பா போன பிறகு ராத்திரி இரண்டு, மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது. அப்புறம் தூக்கம் இல்லை. கோயம்புத்தூருக்கு எங்களோடு வந்த புதிதில், காலையில் நான் எழுந்து வரும்போது இருட்டில் சோபாவில் உட்கார்ந்திருப்பார். லைட்டைப் போட்டால் கரன்ட் ஆகுமாம். டாக்டர் கொடுத்த மாத்திரையை இரண்டு நாள் போட்டார், தலை கிறுகிறுக்கிறது என்று விட்டுவிட்டார். செய்தி போட்டால் கவலை. சீரியல் போட்டால் அந்த மருமகளைத் திட்டித் திட்டி இன்னும் முழித்துக்கொள்வார். நல்ல படம் என்று எல்லாரும் கொண்டாடிய ஒன்றைப் போட்டோம். கடைசி வரைக்கும் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு, “அந்தப் பையனைக் கொன்னிருக்க வேணாம்” என்றார். விடிய விடிய அந்தப் பையனைப் பற்றியே பேசினார்.

அந்த 149 ரூபாய்ப் படத்தில்தான் நான் முதலில் கவனித்தேன். மின்சாரம் போவதற்கு முன்னாலேயே, அந்த முக்கால் மணி நேரத்துக்குள், அம்மா தூங்கியிருந்தார். எல்லாரும் எழுந்து மெழுகுவர்த்தி தேடி, நான் கதவில் இடித்துக்கொண்டு கத்தி, ஒன்றுமே தெரியாமல் தூங்கினார். மறுநாள் விடிந்து ஏழு மணிக்கு எழுந்து, “என்னடா இவ்வளவு நேரமாச்சா?” என்றார்.

அப்போது எனக்குப் பாயின் லெட்ஜர் ஞாபகம் வரவில்லை. சனிக்கிழமை ராத்திரி, அந்தத் தோள் குலுங்கியபோதுதான் வந்தது.

“போடு” என்றேன்.

“விதி?” என்றாள் மகள்.

“போடுன்னா போடு.”

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்துபோய் கடலை வறுத்துக்கொண்டு வந்தாள். காசு போனது போனதுதான் என்றானபின் அவள் முழுசாக அனுபவிப்பாள், அது அவள் சுபாவம்.

மணி 9:20-க்குத் தொடங்கியது. சுமாரான படம். சுமார் என்றுகூடச் சொல்ல முடியாது. நாய் மட்டும் நன்றாக நடித்தது. டப்பிங் பேசியவர் யாரோ எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் என்று நினைக்கிறேன், நியூயார்க் போலீஸ்காரர் “அங்கிட்டுப் போங்க” என்றார். அதற்கு மனைவி சிரித்த சிரிப்பில் கடலை மூக்கில் ஏறிவிட்டது. ஒரு இடத்தில், அப்பா பரிசுப் பொட்டலத்தைக் காரிலேயே மறந்துவிட்டு வெறுங்கையோடு வாசலில் நிற்கும்போது, எனக்கே தொண்டை அடைத்தது. யாரும் பார்க்கவில்லை.

நாய் கேக்கில் விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் திரும்பிப் பார்த்தேன். அம்மாவின் கையில் நாலு கடலை அப்படியே இருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, மூச்சு சீராக.

மகளும் பார்த்தாள். ரிமோட்டை எடுத்தாள். “அப்பத்தா தூங்கிட்டாங்க. நிறுத்திட்டு நாளைக்கு எல்லாரும் சேர்ந்து பாக்கலாமா? 48 மணி நேரம் இருக்குல்ல.”

“நிறுத்தாத.”

“வேஸ்ட் ஆகுமேப்பா?”

“சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறை. ரொம்பக் குறைச்சிராத, முழிச்சுக்குவாங்க.”

படம் ஓடி முடிந்து, பேர்கள் ஓடி, அதற்கப்புறம் வேறு ஏதோ படத்தின் விளம்பரம் தானாக ஓட ஆரம்பித்தது. பதினொன்றரை இருக்கும். மனைவி அம்மாவின் கையிலிருந்த கடலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டாள். நான் ஃபேனை ஒன்றுக்குக் குறைத்தேன். போர்வையைப் போர்த்தியபோது அம்மா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“கேசட்டைக் காலைல குடுத்திரணுமாடா?”

“வேணாம்மா. அவங்களே பாத்துக்குவாங்க. தூங்கு.”